நடுக்கோட்டில் வெட்டினால்

அத்தாவுக்குப் பேகம்பூரில் ஒரு தோல்ஷாப்பில் வேலை. பதனிட்ட மாட்டுத்தோலை விரித்து, கழுத்திலிருந்து வால்வரை நடுமுதுகில் ஒரே கோடாக வகிர்ந்து, இரண்டு பாதிகளாக அடுக்குவார். பள்ளி விட்டதும் நான் போய் எண்ணுவேன். இடப்பாதிகள் எத்தனையோ அத்தனை வலப்பாதிகள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கவலைப் புத்தி இன்றுவரை விட்டபாடில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதானபோது, தம்பி பிறந்தான். மலம் போக வழியில்லாமல் பிறந்தான். குடலின் முனை தடம் மாறி மூத்திரப் பாதையில் போய்ச் சேர்ந்திருந்தது. மதுரையில் அவன் வயிற்றில் மலம் வெளியேறத் தற்காலிகமாக ஒரு வாய் திறந்துவிட்டு, சில மாதம் கழித்துப் பெரிய ஆபரேஷன் என்றார்கள். அதைப் பற்றிப் பேச டாக்டரம்மா கூப்பிட்டபோது அத்தா, அம்மாவுடன் நானும் போயிருந்தேன்.

"குப்புறப் படுக்க வச்சு, பின்பக்கம் சரியா நடுக்கோட்டுல வெட்டுவேன்" என்றார்.

நடுவில் வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

"வேணாம் அத்தா! தம்பி ரெண்டு பாதியாயிருவான்!"

"ஏலே, செத்த நேரம் வாயை மூடு" என்றார் அத்தா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தன் வெள்ளைக் கோட்டின் ஐந்து பொத்தான்களையும் அவிழ்த்தார். "பாரு தம்பி, நடுவுல திறந்துட்டேன். கை ரெண்டும் கழண்டு விழுந்துச்சா?"

"இல்ல."

"நரம்பும் இப்படித்தான். வலதுல இருந்து வர்றது வலதோட, இடதுல இருந்து வர்றது இடதோட. நடுவைத் தாண்டாது. நான் நடுவுலயே போனா எதுவும் அறுபடாது. லேசா கரண்டு வச்சுத் தொடுவேன். ரெண்டு பக்கச் சதையும் ஒண்ணுபோல சுருங்குற எடத்துல மலம் போற பாதையை வச்சு மூடிருவேன்."

ஐந்து பொத்தான்களையும் திரும்பப் பூட்டினார். கணக்கு சரியாக இருந்தது.

அம்மா தயங்கிக் கேட்டார்: "வளந்தா தானா அடக்கிக்குவானா டாக்டர்?"

"நரம்பை நான் காப்பாத்துறேன்மா. அது வேலை செய்யுதான்னு அவன்தான் ஒருநாள் சொல்லணும்."

திரும்பும் பஸ்ஸில் அத்தா வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். "செத்த தோல்ல கோடு போடவே நான் ரெண்டு தடவை அளந்து பாக்குறேன். அந்தம்மா உசுருள்ள பிள்ளையில போடுறாங்க" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு வயிற்றுத் திறப்பையும் மூடினார்கள். ஆனாலும் தம்பி நடந்து ஓடத் தொடங்கிய பிறகும் துணி அசிங்கமாகிக்கொண்டேதான் இருந்தது. அம்மா துவைத்துக்கொண்டே இருந்தார்.

அவனுக்கு மூன்று வயது தாண்டிய ஒரு மத்தியானம், என் கோலிகளைத் திருடி விளையாடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான்.

"அம்மா, வருது."

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கிப் பார்த்தார். துணி சுத்தமாக இருந்தது. கொல்லைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். சாயங்காலம் அத்தா தெரு முழுக்க அல்வா கொடுத்தார்.

எனக்கு வந்ததே கோபம். "நானும்தான் தினம் போறேன். எனக்கு என்னைக்காச்சும் அல்வா குடுத்தீங்களா?"

அத்தா சிரித்தபடி என் வாயில் ஒரு துண்டைத் திணித்தார், கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இரண்டு பேரும் இத்தனை காலம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. தம்பிக்கு என்னைவிட ஒரு துண்டு அதிகம் போய்விட்டதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.