அம்மாவுக்கு ஒரே இலை

1996ஆம் ஆண்டு செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். பெருமழை ஓய்ந்து தூறிக்கொண்டிருந்தது. மலாக்காவின் புக்கிட் காத்திலில் தம் மகன் வீட்டில் என் அண்ணன் கண்மூடினார். வயது அறுபத்தொன்பது.

ஓராண்டு நிறைவில் இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், அண்ணனைப் பற்றி என் வாயால் கேட்டது ஒரே ஒரு செய்திதான். அது பாதிச் செய்தி. மீதியையும் சொல்லவே எழுதுகிறேன்.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீடொன்றில் அண்ணன் பிறந்தார். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தந்தையாரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அண்ணனுக்கு அப்போது பதினாறு, எனக்கு ஒன்பது. அன்று முதல் அண்ணன் நாளுக்கு நானூறு மரம் சீவினார்; நான் பள்ளிக்கூடம் போனேன். பின்னாளில் அவர் ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஆனார். மழையால் மரம் சீவ முடியாத நாளிலும் புல்வெட்டு வேலை காட்டி ஆட்களுக்குக் கூலி கிடைக்கப் பேர் போட்டுக் கொடுப்பார். நான் அஞ்சலகத்தில் சேர்ந்தேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் தபால்தலைகளை எண்ணி, எதையும் எண்ணாமல் இருக்க முடியாதவனாகிப் போனேன்.

எங்கள் தாயார் 1978 ஆகஸ்ட் 12ஆம் நாள் காலமானார். நான் ஈப்போவில் வேலையாக இருந்தேன். தந்தி கிடைத்து, இரண்டு பஸ் மாறி, டாக்சி பிடித்துச் சுடுகாட்டை அடைந்தபோது மாலை ஐந்து நாற்பது. அதற்கு அரை மணி நேரம் முன்பே அண்ணன் கொள்ளி வைத்துவிட்டார். தந்தைக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் என்பது நம் வழக்கம். என் உரிமையை அண்ணன் பறித்துவிட்டார் என்று அங்கேயே, எல்லார் முன்னிலையிலும் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. நானும் அதன்பின் அவரிடம் பேசவில்லை.

பிறகு மலாக்காவுக்கு மாற்றலாகி வந்தேன். அங்கே பத்து பெரண்டாம் என்னும் இடத்தில் வீடு வாங்கினேன். அண்ணனும் தோட்டத்தை விட்டுப் புக்கிட் காத்திலுக்கு வந்தார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று இரண்டு வீட்டிலும் அம்மாவுக்குத் தனித்தனியே படையல். எங்கள் மனைவிமார் மட்டும் பசாரில் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள். அண்ணன் வீட்டில் பன்னிரண்டு மணிக்கு இலை போடுகிறார்கள் என்று அப்படித்தான் தெரிந்தது. உடனே என் வீட்டில் பதினொன்றே முக்காலுக்குப் போடச் சொன்னேன். அம்மா முதலில் என் வீட்டுக்கு வர வேண்டும் என்பது என் கணக்கு.

“செத்தவங்களுக்குமா டைம் டேபிள்?” என்றாள் என் மனைவி. “கெழவி அங்கயும் இங்கயும் ஓடியே களைச்சிப் போயிரும். பஸ்ஸு காசாவது குடுத்து வுடுங்க.”

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தார்.

“சித்தப்பா, அப்பாவுக்கு நெஞ்சுல தண்ணி கோத்துருக்கு. டோக்டர் கைய விரிச்சிட்டாரு. இந்த வருசம் பாட்டிக்கு ஒரே இலையாம், நம்ம வீட்டுல. ஒங்கள வரச் சொன்னாரு. வாங்க லா, சித்தப்பா.”

ஐந்து நாட்கள் யோசித்தேன். போனால் தோற்றுப்போவேன் என்று தோன்றியது. போகாவிட்டால் கேட்க வேண்டியதைக் கேட்காமலே போய்விடும் என்றும் தோன்றியது. கேட்பதற்காகவே பன்னிரண்டாம் நாள் போனேன்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நானூறு மரம் சுற்றிவந்த கால்கள் வீங்கியிருந்தன. நெத்திலிச் சம்பாலும் வெற்றிலை பாக்குமாய் இலை தயாராக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே முக்கால்.

“என்னடா, ஒன் நேரந்தான?” என்றார் அண்ணன்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிதானடா பன்னெண்டுலயே வுட்டு வெச்சேன். அம்மா மொதல்ல ஒன் வீட்டுல சாப்புட்டு வரட்டும்னு. நீதான கடக்குட்டி.”

அண்ணனே தொடங்கினார்.

“கேளுடா. கேக்கத்தான வந்த?”

“ஏன் எனக்காகக் காத்திருக்கல?”

“அன்னிக்கி மழ வருதுன்னு மத்தவங்ககிட்ட சொன்னேன். மழ இல்லடா. ரெண்டு தீவாளிக்கு அம்மா வாசலயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்திச்சி. நீ வரல. அந்தக் கோவம். அப்பாவுக்கும் கொள்ளி வெக்க எனக்குக் குடுத்து வெக்கல. ஒடம்பே வரலயே. கையில நெருப்பு இருந்திச்சி, வெச்சிட்டேன். தப்புதான்டா.”

அந்த இரண்டு தீபாவளிக்கும் ஈப்போவில் நண்பர்களோடு இருந்தேன். இதை நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அரை மணி நேரத்தை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவைப் பார்க்கப் போகாத இருபத்திரண்டு மாதங்களை ஒருவரிடமும் சொன்னதில்லை.

“என் மேலயும் தப்புண்ணே” என்றேன்.

“சரி, சோறு ஆறுது பாரு. கற்பூரத்த நீ ஏத்து” என்றார்.

ஏற்றினேன். இரண்டு தீக்குச்சிகள் அணைந்தன, மூன்றாவது பிடித்தது. அதோடு அந்தப் பேச்சை விட்டேன். நான் சுமந்துகொண்டிருந்தது அம்மாவின் உரிமையும் அல்ல, என் உரிமையும் அல்ல. என் குற்றத்தை மூடிவைக்க ஒரு போர்வை என்பதை அறுபத்திரண்டு வயதில்தான் கற்றேன். கொஞ்சம் முன்னமே கற்றிருக்கலாம்.

அதன்பின் தினமும் போனேன். நாளிதழை வாசித்துக் காட்டுவேன். “மெதுவாப் படிடா, தபால் குத்துற மாதிரி குத்தாத” என்பார். கடைசி வாரம் பேச்சு குறைந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே தூங்குவார். நான் கையை எடுப்பதில்லை.

அண்ணனைக் கண்போல் பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், லோரி ஓட்டும் வேலைக்கு இரண்டு மாதம் விடுப்பெடுத்து உடனிருந்த அண்ணன் மகனுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக ஒவ்வொரு முறையும் தம் காரை எடுத்து வந்த பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவருக்கும், இறுதி நாளில் மழையோடு நின்று தோள்கொடுத்த தோட்டத்துப் பழைய ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. என் குறையைக் கேட்டு அண்ணன்மேல் மனத்தாங்கல் கொண்டவர் எவரேனும் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் அண்ணனோடு பேசாமல் இருந்தவை ஆறாயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்து நாட்கள். பேசக் கிடைத்தவை நாற்பத்து மூன்று.