மூக்கால் சமைத்த கல்யாணங்கள்

கல்யாணச் சமையல் என்பது நாக்குக்கு வேலையே இல்லாத தொழில். பிள்ளையாருக்கு இலை போட்டு விளக்குக் காட்டும்வரை எங்கள் நாஞ்சில் நாட்டில் தவசிப்பிள்ளை, அதாவது சமையல்காரன், ஒரு துளியை வாயில் வைக்கக் கூடாது. கரண்டியைத் தூக்கி ஆவியை முகர்ந்து, உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் அடுப்போடு மல்லுக்கட்டுகிறவர்களே, நீங்களாவது ருசி பார்த்துவிட்டுத் திட்டு வாங்குகிறீர்கள். நாங்கள் பார்க்காமலே வாங்குகிறோம்.

சுட்ட விரல்

மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் எங்கே ருசி பார்த்துவிடுவேனோ என்ற பயத்தில் அவர் காலையிலேயே சமையல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாம்பார் இறக்கும்போது எனக்கு விரலில் சுட்டது. வலி தாங்காமல் விரலை வாய்க்குக் கொண்டுபோனேன். பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கொப்புளத்தைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஊதும் வேய், நக்காதயும்."

வீட்டில் நிம்மதி

ஒரு தை மாதம் கடும் ஜலதோஷம். மூக்கு அடைத்ததும் எனக்குப் புளிக்குழம்பும் வெந்நீரும் ஒன்றாகிவிட்டன. வாசற்படியில் நின்றே "தேங்கா கருகிட்டு" என்று குற்றம் சொல்கிற ஆள் நான். அந்த வாரம் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்தேன். சுக்குக் கஷாயம் கேட்டபோது என் மனைவி சொன்னாள்:

"இப்பம் என்ன அவசரம்? இன்னும் ரெண்டு நாளு இப்படியே கிடக்கட்டும்."

தக்கலைப் பாயசம்

அந்த அடைத்த மூக்கோடுதான் தக்கலைக் கல்யாணத்துக்குப் போனேன். துணைக்கு வந்த செல்லப்பனை முகரச் சொன்னேன். அவன் மூக்குப்பொடி போடுகிறவன். அவனுக்குப் பாயசமும் பொடி மணம்தான். விளக்குக் காட்டியபின் நானே ருசி பார்த்தேன். இனிப்பு சரியாக இருந்தது. இலை போடும் நேரத்தில் பெண்ணின் அப்பா முகம் வெளுத்து வந்தார்.

"பாயசம் அடிப்பிடிச்சு புகை மணக்கு வேய். சம்பந்தக்காரரு இலையைத் தள்ளினாருன்னா எம்மவ ஆயுசு முழுக்கப் பேச்சு கேக்கணும்."

அரிசி ரேஷனில் கிடைத்த காலம். மறுபடி வைக்க வழியில்லை. பந்தி வாசலில் காற்று வரும் பக்கம் ஓர் அடுப்பை மூட்டி, உருளியில் நெய்யை ஊற்றி, முந்திரிப் பருப்பையும் தேங்காய்க் கீற்றையும் வறுக்கத் தொடங்கினேன். பாயசம் பரிமாறி முடியும்வரை நிறுத்தவில்லை. பெண்ணின் அப்பா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சம்பந்தியின் இலையையே பார்த்தபடி நின்றார். சம்பந்தி மறுபடியும் கேட்டு வாங்கினார். கை கழுவ வந்தவர் என்னைக் கூப்பிட்டார்:

"எல்லாம் நல்லாத்தான் இருந்து. பாயசத்திலதான் நெய்யி ரொம்பக் கூடிப்போச்சு."

வறுத்ததில் ஒரு துண்டுகூடப் பாயசத்துக்குள் விழவில்லை என்றாலும், புகுந்த வீட்டில் அந்தப் பெண் இன்றுவரை கேட்கிற ஒரே பேச்சு, அவள் அப்பா நெய்யைக் கொட்டி ஆடம்பரம் காட்டினார் என்பதுதான்.