எக்ஸ்ரேக்காரரின் வாடகை வீடு

வீடு பார்க்க வருகிறவர்களை அவர் முதலில் அழைத்துப்போவது குளியலறைக்கு. ஒழுகும் குழாயைத் திறந்து மூடிக் காட்டுவார். சுத்தியலின் காம்பால் தரையைத் தட்டி, எந்த ஓட்டுக்கு அடியில் பொள்ளல் என்று சொல்வார். பிறகு கூடத்துச் சுவரின் விரிசல்மேல் டார்ச் அடித்து, "மேல்பூச்சுதான், எலும்பு வரைக்கும் போகலை" என்பார். வந்தவர்கள் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் இருபத்தோரு வருடம். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க" என்று ஊரில் பாதிப்பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, பத்து வருடச் சேமிப்பை முன்தொகையாகக் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஃபிளாட் வாங்கினார். வாடகைக்கு விடத்தான். தாம் குடியிருப்பது இன்னமும் வாடகை வீட்டில். ஏன் என்று கேட்டால் பாடமே எடுப்பார்: "நான் அங்க போய் உக்காந்தா தவணையை நான் கட்டணும். இன்னொருத்தர் உக்காந்தா அவர் குடுக்குற வாடகையே கட்டிடும்." கேட்ட வங்கி மேலாளர் தம் சொந்த வீட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாராம்.

வீடு காலியாகக் கிடந்தால் சமாளிக்க மூன்று மாதத் தவணையைத் தனியே எடுத்து வைத்திருந்தார். திட்டம் கச்சிதம், ஆளைத்தான் காணோம். இரண்டு தவணை கரைந்துவிட்டது. மூன்றாவதும் போனால் விற்க வேண்டியதுதான்.

"நீங்க வீட்டைக் காட்டுறீங்களா, ரிப்போர்ட் வாசிக்கிறீங்களா?" என்றார் மனைவி.

"மறைச்சு விட்டா நாளைக்கு நம்மளத்தானே திட்டுவாங்க." எல்லாம் வீட்டுக்காரர்களைத் திட்டிப் பழகிய அனுபவம்.

போன ஞாயிறு ஓர் ஓவிய ஆசிரியை வந்தார். குழாய், விரிசல், மழைக்கு இறுகும் கதவு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவும் சொன்னீங்க, ஒண்ணு மட்டும் சொல்லலையே சார். சுவத்துல ஆணி அடிக்கலாமா?" என்றார்.

எக்ஸ்ரேக்காரரின் கல்யாணப் படம் இன்றுவரை வாடகை வீட்டுத் தரையில்தான் சாய்ந்து நிற்கிறது. ஆணிக்குச் சம்மதித்த வீட்டுக்காரரை அவர் கண்டதில்லை.

"எத்தனை?"

"குறைஞ்சது பதினஞ்சு."

"தாராளமா."

ஆசிரியை நீட்டிய முன்பணத்தை மனைவிதான் வாங்கிக்கொண்டார். இவர் அதற்குள் கீழே கடைக்கு ஓடி, ஒரு பெட்டி ஆணியோடு மூச்சிரைக்கத் திரும்பியிருந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டி, உள்ளே ஒயர் ஓடாத இடமாகத் தேடிப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். சுத்தியலைக் காம்புப் பக்கமாக ஆசிரியையிடம் நீட்டிவிட்டு ஓரடி பின்வாங்கி நின்றார். முதல் அடி விழும்வரை மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார்.