குரோசு சானுக்கு வரும் அட்டைகள்

மார்ச்சோடு குரோசு சான் ஓய்வு பெறுகிறார். அவரைப் பற்றி மருத்துவமனை இதழில் எழுத ஆள் தேடி, கடைசியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினான்கு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வயிறு எரிந்தவள் நான். வேறு யாருக்கு அவரை இவ்வளவு தெரியும்?

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. பைபாஸ் முடிந்து வீடு போனவர்களை ஒரு மாதத்திலும் ஒரு வருடத்திலும் போனில் கூப்பிட வேண்டும். ஆள் இருக்கிறாரா, மறுபடி நெஞ்சு வலித்ததா, மார்புத் தையலில் சீழ் பிடித்ததா, பக்கவாதம் வந்ததா என்று கேட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நான் கூப்பிட்டால் ஏதோ விற்க வந்தவள் என்று வைத்துவிடுவார்கள். அவர் கூப்பிட்டால் அரை மணி நேரம் பேச்சு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரின் நிலவரம் அவரிடம் இருக்கும். என்னிடம் எண்பது தேறாது. புத்தாண்டுக்கு அவர் மேசையில் வாழ்த்தட்டைகள் குவியும். எனக்குப் பல் டாக்டர் மட்டும் ஒன்று அனுப்புவார்.

போன வருடம் ஃபுகுவோகா மாநாட்டுக்கு எங்களில் ஒருவரை அழைத்துப்போவதாக எங்கள் பிரிவுத் தலைவர் இகுச்சி டாக்டர் சொன்னார். அந்த இடம் எனக்கு வேண்டும். ஒரு தடவையாவது வேண்டும்.

டிசம்பரில் ஒரு மதியம், குரோசு சான் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் மேசையில் சாம்பல் கரையிட்ட அட்டையைப் பார்த்தேன். வீட்டில் சாவு நடந்த வருடம் புத்தாண்டு வாழ்த்து கிடையாது என்று முன்கூட்டியே சொல்லும் அட்டை. ‘என் கணவர் நிராசாவா மொரியோ அக்டோபரில் காலமானார்.’ ஓடிப்போய்ப் பதிவேட்டில் பெயரைத் தேடினேன். நவம்பரில் ஏற்றிய ஒரு வருடக் கட்டத்தில், ‘உயிரோடு இருக்கிறார், சிக்கல் இல்லை.’

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"செத்தவங்களை உயிரோட காட்டித்தான் அந்தத் தொண்ணூத்தெட்டு, டாக்டர்!" என்று அட்டையை இகுச்சி டாக்டர் முன்னால் வைத்தேன்.

அவர் கணினித் திரையில் அந்தப் பதிவை வலப்பக்கம் நகர்த்தினார். "விசாரிச்சது யாருன்னு கடைசிக் கட்டத்துல இருக்கே, மோகாமி சான், பாக்கலையா?"

என் பெயர் இருந்தது. ஐந்து தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்காததால், செப்டம்பரில் பரிசோதனைக்கு வந்த குறிப்பை வைத்து நானே நிரப்பியது. அந்த நோயாளியின் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை.

அதற்குள் சாப்பாட்டு டப்பாவோடு குரோசு சான் வந்துவிட்டார். "நேத்துதான் வந்துச்சு. உங்ககிட்ட தனியா சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

"என் நோயாளி வீட்டுலேருந்து உங்களுக்கு எதுக்கு எழுதுறாங்க?" அந்த நிலையிலும் எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"வார்டுல அவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் என் ஆளு. போய் நின்னா ரெண்டு பேர்கிட்டயும்தானே பேசணும்?"

மாநாட்டுக்கு அவர் போனார். நான் அட்டை எழுதிய அந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டு, ‘இறப்பு, பக்கவாதம்’ என்று திருத்தினேன்.

ஜனவரி நடுவில் குரோசு சான் ஒரு வெற்று அட்டையை என்னிடம் நீட்டினார். "நிராசாவா வீட்டுக்கு வாழ்த்துதான் கூடாது. இந்தக் குளிர்ல எப்படி இருக்கீங்கன்னு விசாரிக்கலாம். நீங்களே எழுதுங்க."

"அவரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"ஆப்பிள் தோட்டக்காரர். ஊசின்னா நடுங்குவாரு. உப்பு ஆகாதுன்னு சொல்லியும் ஊறுகாய் டப்பாவைத் தலைகாணிக்கு அடியில ஒளிச்சு வைப்பாரு."

எல்லாவற்றையும் நானே கண்ணால் பார்த்ததுபோல எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரியில் என் பெயருக்குப் பதில் வந்தது. ‘ஊறுகாய் டப்பாவைக்கூட மறக்காமல் இருந்தீர்களே. படித்துவிட்டு அழுதேன். உங்களைப் போல ஒருவர் அங்கே இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.’

பதினான்கு வருடத்தில் ஒரு நோயாளி வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் அட்டை அது. குரோசு சானிடம் காட்டவில்லை. டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். இந்த இதழைப் படிக்கும்போதுதான் அவருக்கே தெரியும்.