ஒரு மணிக்குப் பிறகு அன்னக்கொடி எங்கே போகிறாள்

என் ஒன்றுவிட்ட தம்பி நல்லகாமனுக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். வெயில் ஏற ஏற அது குட்டையாவதைப் பார்த்து, "வேலையக் குறைச்சுக்கிட்டே வருதுக்கா" என்று என்னிடம் புகார் சொன்னவன். எழுபத்தெட்டில் ஒரு எம்.எல்.ஏ. அவனைத்தான் வடக்கு மாசி வீதியில் தன் ஆபீசுக்கு மேனேஜராக வைத்தார்.

அங்கே தமிழ் டைப் தெரிந்தவள் உசிலம்பட்டிக்காரி அன்னக்கொடி மட்டும். காலை ஏழிலிருந்து பகல் ஒரு மணி வரைதான் வருவேன் என்று சொல்லியே சேர்ந்தாள். "மனுக் கொண்டாரவுக முதல் பஸ்ஸுலயே வந்துர்றாக. அந்தப் புள்ள தோதுக்கு வரட்டும்யா" என்றுவிட்டார் எம்.எல்.ஏ. மற்றவர்களுக்குப் பத்து முதல் ஆறு. தன்னைக் கேட்காமல் கொடுத்த சலுகை நல்லகாமனுக்குத் தொண்டையில் முள்.

அந்த நேரம் பார்த்து, எம்.எல்.ஏ. ஆபீசைத் தவிர யாருக்கும் சொல்லாமல் டி. கல்லுப்பட்டிக்குப் போனால், அங்கே கறுப்புக்கொடியோடு ஒரு கூட்டம் காத்திருந்தது. திரும்பி வந்தவர் நல்லகாமனைக் கூப்பிட்டார்.

"நம்ம ஆபீசுலருந்துதான் சேதி போயிருக்கு. யாருன்னு கண்டுபிடி. சனிக்கிழமைக்கு மேல அந்த ஆளு இங்க இருக்கக் கூடாது."

நல்லகாமனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் ஒரு மணிக்கு அன்னக்கொடி கிளம்பியதும் பின்னாலேயே நடந்தான். அவள் கல்பாலம் தாண்டினாள், இவனும் தாண்டினான். கோரிப்பாளையத்தில் அவள் நுழைந்தது தேர்தலில் எம்.எல்.ஏ.விடம் தோற்றவர் வீடு. இவன் சன்னல் ஓரம் ஒட்டி நின்றான். உள்ளே டைப் சத்தம்.

கூடவே இன்னொரு குரல்: "எம் மருமகனுக்கு மேலூருக்கு மாத்தல் வேணும்யா. எங்க வீட்டுக்காரரு சோறு திங்கையில ஆபீசு சங்கதி அம்புட்டையும் கக்கிருவாரு. அன்னைக்குக் கல்லுப்பட்டி சங்கதியச் சொன்னேன்ல, பொய்யாவா போச்சு?"

நல்லகாமனின் பெண்டாட்டி அழகம்மாள்.

வாசலுக்கு வந்த அன்னக்கொடி இவனைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, காலைல அங்க மனுக் குடுக்குறவுகதான் பொழுதுசாய இங்கயும் குடுக்குறாக. ஜெயிச்சவரு மறந்தாலும் தோத்தவரு அடுத்த தேர்தலுக்காக ஓடுவாருல்ல. ரெண்டு எடத்துலயும் அடிச்சாத்தான் எங்க வீட்ல உலை வைக்க முடியும். ஒரு வார்த்தை இங்கிட்டும் அங்கிட்டும் நான் சொன்னதில்ல."

"ஒன் மதினி இங்க வந்ததையும் சொல்லலையே நீ."

"அதையுந்தாண்ணே சொல்லல."

சனிக்கிழமை எம்.எல்.ஏ. கேட்டார்: "யாருய்யா அது?"

அன்னக்கொடியைக் கைகாட்டினால் முள் போய்விடும். ஆனால் அவள் வாய் திறந்தால்? திறக்காவிட்டாலும், திறக்காத அந்த வாய்க்கு என்ன பதில் சொல்வது?

"கொடி கட்டின காரு திருமங்கலம் தாண்டினா, கல்லுப்பட்டிக்குத் தெரியாதுங்களாய்யா? ஆபீசுல எல்லாரும் சுத்தம்."

எம்.எல்.ஏ. அவனை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போகிறார் என்பதை அவனிடமும் சொல்வதில்லை. அன்னக்கொடி வழக்கம்போல ஒரு மணிக்குக் கிளம்பினாள். அவன் தலை நிமிரவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது வாயே திறப்பதில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அழகம்மாள் என்னிடம் வந்து குசுகுசுத்தாள்: "மதினி, உங்க தம்பி முன்ன மாதிரி இல்ல. ஆபீசுல டைப் அடிக்கிற ஒருத்தி ஒரு மணிக்கே போயிர்றாளாமே. எங்க போறான்னு உங்களுக்குத் தெரியுமா?"