திரும்பச் சொல்லுங்கோ

கிளியரன்ஸைத் திருப்பிச் சொல்லப் பழகாமல் என்னை விமானிச் சோதனைக்கு அனுப்ப முடியாது என்று சொல்லி, பயிற்றுநர் ஒரு கிழமை லீவு தந்தார். ஊருக்கு, ஓலைத்தொடுவாய்க்கு வந்து சேர்ந்தும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. முற்றத்துக்கும் கடற்கரைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. எதுவரை போகலாம், எந்த வழி, எத்தனை அடி உயரம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் கிளியரன்ஸ் என்கிற அனுமதிதான் அவருக்குக் கண். அன்று புறப்படுமுன் அதை வானொலியில் மளமளவென்று சொன்னார்கள். உயரம் என் காதில் விழவில்லை. எல்லாம் கேட்டதுபோல "ரோஜர்" என்றேன். திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நான் முன்பு விண்ணப்பித்திருந்த உயரம் ஐயாயிரம், அதையே சொன்னேன். அவர்கள் தந்திருந்தது மூவாயிரம். பயிற்றுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். அரசாங்கக் கந்தோர்க் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். விளங்கவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டி வந்தால் "ஓம்" என்பேன்.

பாடசாலைப் பக்கமே போகாத அக்காதான் கோபுரமாக நின்று எனக்குப் பயிற்சி தர வந்தாள். விற்கிற மீனுக்கு ஐஸ் போட்டபடியே, நான் சொல்லிக்கொடுத்த மாதிரிச் சொன்னாள்.

"நானாட்டான் மட்டும் போகலாம். வங்காலையாலை போ. நாலாயிரம் அடி. வேறை என்னடி வேணும் உனக்கு?"

"ஓம்."

"என்ன ஓம்? நான் என்ன சொன்னனான்?"

"நானாட்டான்... வங்காலை..."

"எத்தினை அடி?"

நான் ஒரு ஐஸ் துண்டை எடுத்து மீனுக்குள் போட்டேன்.

"உதுக்கோ உன்னைப் படிப்பிச்சது? பிளேன் ஓட்டப்போறாவாம்!"

கோபம் வந்தது. எழும்பிப் போகப் பார்த்தேன். அப்போது அவளுடைய போன் அடித்தது. மன்னார் ரவுணில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம். அக்கா ஈரக் கையோடு அதைக் காதில் வைத்தாள்.

"பாரை நாலு கிலோ, கணவாய்... எத்தினை எண்டது கேக்கேல்லை நானா, திரும்பச் சொல்லுங்கோ. மூண்டோ? சரி. பாரை நாலு, கணவாய் மூண்டு, வெட்டாமல், பத்து மணி பஸ்ஸிலை. சரிதானே?"

எழுதத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் அவள் வாயால் திருப்பிச் சொல்கிறாள். கேட்காததைக் கேட்கவில்லை என்கிறாள். அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. நான் இவ்வளவு காலமும் அதைப் படிக்காதவர்களின் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அன்று பின்னேரம் வரை ஊர் ஊராகக் கிளியரன்ஸ் தரச் சொல்லி அவளை விடவில்லை. "இலுப்பைக்கடவைக்கு இனி நீ நடந்தே போ, எனக்கு வாய் நோகுது" என்று அவள் துரத்தும்வரை கேட்டுக்கேட்டுத் திருப்பிச் சொன்னேன்.

பயிற்சிக்குத் திரும்பிப் போன அன்று காலை வானம் முழுக்க மேகம். கிளியரன்ஸ் வந்தது. நடுவில் வானொலி இரைந்தது. வழி கேட்டது, அடையாள எண் கேட்டது, உயரம் கேட்கவில்லை. பின்னால் இன்னொரு விமானம் நின்றது. அதே அலைவரிசையில் அவர்களுக்கும் என் குரல் கேட்கும். "ரோஜர்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

உயரத்தை மீண்டும் சொல்லும்படி கேட்டேன்.

ஆறாயிரம் என்றார்கள், சலிப்பே இல்லாமல். எல்லாவற்றையும் வரிசையாகத் திருப்பிச் சொன்னேன். சரி என்று பதில் வந்தது.

இறங்கிய பிறகு பயிற்றுநர் சோதனைப் படிவத்தில் கையெழுத்திட்டு, சோதனை எந்த நாள் என்பதையும் கிறுக்கி என்னிடம் நீட்டினார். அவருடைய எழுத்தைப் பார்த்தேன்.

"புதனா, வியாழனா? விளங்கவில்லை" என்றேன்.