பெரியப்பா எடுத்துக்கொண்டு போன கேக்

என் அக்காவை ஜெர்மனிக்கு அனுப்புவதற்காக எங்கள் சபை ஒரே பிளம் கேக்கைத் திரும்பத் திரும்ப விற்றது. ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் அறுப்பின் பண்டிகையே அப்படித்தான். சபையார் கொண்டுவந்து படைக்கும் பூசணிக்காய், வாழைத்தார் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, "மறு ஏலம்!" என்று பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குக் கஞ்சன் என்று பெயர்.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. ஜெர்மனியில் நடக்கவிருந்த உலக இளைஞர் கூடுகைக்கு எங்கள் சபையிலிருந்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பயணச் செலவை மட்டும் அவளே திரட்ட வேண்டும். ஞாயிறுதோறும் கட்லெட் விற்றாள், அக்கம்பக்கத்தில் கார் கழுவினாள். பாதிகூடத் தேறவில்லை. பாஸ்டர் மனமிரங்கி, இந்த முறை அவள் செய்யும் கேக்கின் ஏலப்பணம் அவளுக்கே என்று சொல்லிவிட்டார். அதுவும் போதாவிட்டால் அவள் இடம் வேறு சபைக்குப் போய்விடும்.

டாக்டர் அங்கிள் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். பாடகர் குழுவினர் சேர்ந்து எடுத்தார்கள், அவர்களும் கொடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அக்காவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அப்போதுதான் பெரியப்பா கையைத் தூக்கினார்.

அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். தாத்தா வீட்டைப் பாகம் பிரித்தபோது, "இனிமே உன் வூட்டுப் பச்சத்தண்ணிகூட என் தொண்டையில எறங்காது" என்று சொல்லிவிட்டு நடுவில் சுவர் எழுப்பியவர். கிறிஸ்துமஸுக்கு அம்மா அனுப்பும் பலகாரத் தட்டு, மூடிய துணி கலையாமல் அப்படியே திரும்பி வரும்.

ஏலம் விட்ட கமிட்டி அங்கிள் "ஒந்து சாரி, எரடு சாரி" என்று கன்னடத்தில் எண்ணி, "மூணாந்தரம்!" என்று தமிழில் முடித்தார்.

"மறு ஏலந்தானே அண்ணே?" என்று கையை நீட்டினார்.

பெரியப்பா கொடுக்கவில்லை. கேக்கை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, பெரியம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

இன்னும் ஒரு சுற்று வந்திருந்தால் அக்காவின் தொகை நிறைந்திருக்கும். அவள் கோயில் படியில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வயதான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் சொல்லாமல் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெரியப்பா வீட்டு வாசலில் நின்றேன்.

"கேக்கைக் குடுங்க பெரியப்பா. மறு ஏலம் விடணும்."

மேசைமேல் கேக் பாதிதான் இருந்தது. பெரியப்பா வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"ஏண்டி, எடுத்தவன் சாப்புடக் கூடாதா? வா, நீயும் ஒரு துண்டு சாப்புடு."

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று ஓடிவந்து அப்பாவிடம் கோள் சொன்னேன்.

"பாதி கேக்கைத் தின்னுட்டாருப்பா!"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது.

"யாரு, அண்ணனா? நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன். மென்னு முழுங்கினாரு."

"நம்ம வூட்டு கேக்குதானே?"

இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

குறைந்த பணத்தை மறுநாள் பெரியம்மா வந்து அக்காவின் கையில் திணித்துவிட்டுப் போனதும், அக்கா ஜெர்மனிக்குப் போய்வந்ததும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அப்பா அழுததைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது. பாவம், அவருக்கு ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லையே என்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதீங்கப்பா. அக்கா இன்னொரு கேக்கு செய்வா" என்றேன்.